உத்தரன் ஓடியது குற்றமா?

ஜிந்துப்பிட்டி நாடகத்துக்குப் பேர்போன இடம். கப்பலேறி வந்த தென்னிந்திய நாடகக் கம்பெனிகள் கொழும்பில் ஆடிய களங்களுள் அதுவும் ஒன்று. பின்னர் இவ்வட்டாரத்து இளைஞர்களே மன்றங்கள் அமைத்து மேடையேறினர். அம்மேடைகளில் ஆண்கள் பெண்வேடம் புனைந்து ஆடியது நெடுங்கால வழக்கம். பெண்ணை மேடையேறவிடாத சமுதாயம், பெண்ணின் சேலையை மட்டும் மேடையேற்றிக் கைதட்டியது. அந்தப் பழைய வழக்கத்தின் எச்சமாகவே நம் பாடசாலை நாடகங்களில் இன்றும் சேலை கட்டிய மாணவன் வந்தவுடன் சபை குலுங்கிச் சிரிக்கிறது.

தமிழ்த் தினப் போட்டிக்கென்று விராட பருவத்துக் காட்சியொன்றை நம் மாணவர்களுக்குப் பழக்கினோம். உத்தரகுமாரன் போர்க்களத்திலிருந்து ஓடுகிறான்; சேலை கட்டிய பிருகன்னளை அவனைத் துரத்திப் பிடிக்கிறாள். ஒத்திகை பார்க்க வந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர். ஒரு மாணவனின் தாயார் மட்டும் சிரிக்கவில்லை. வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கே தங்கியவர் அவர். ஒத்திகை முடிந்ததும் நம்மிடம் வந்து கேட்டார்: “சேர், ஓடினவனைப் பார்த்து ஏன் சிரிக்கிறீங்கள்? ஓடினபடியாலதானே என்ரை மூத்தவன் இண்டைக்கு உயிரோடை இருக்கிறான்.”

நம்மிடம் அதற்கு மறுமொழி இல்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்தே பிறந்தது.

பாரதத்தின் பதினெட்டுப் பருவங்களில் விராட பருவம் தனிச் சுவை உடையது. பாண்டவர் தம் அஞ்ஞாதவாச ஆண்டை விராடன் நகரில் கழிக்கின்றனர். பேரரசன் சூதாடுகிறான், பெருமல்லன் சமையல் செய்கிறான், அரசி பணிப்பெண்ணாகிறாள். வில்லாளி விசயனோ பேடி வேடத்தில் அரசகுமாரி உத்தரைக்கு ஆடல் கற்பிக்கிறான். உயர்ந்தோர் தாழ்ந்தோராக மாறி நடிக்கும் இந்தத் தலைகீழ் உலகம் நகைச்சுவைக்கு ஏற்ற விளைநிலம். வில்லிபுத்தூரார் இப்பகுதியின் போரை ‘நிரை மீட்சிச் சருக்கம்’ என்று அமைத்தார். ஆநிரை கவர்தல் வெட்சி, அதனை மீட்டல் கரந்தை என்னும் பழந்தமிழ்ப் புறத்திணை மரபின் வழியிலேயே அப்பெயர் அமைந்தது.

திரிகர்த்த வேந்தன் ஒரு திசையில் நிரை கவர, விராடன் படையோடு அங்கே போகிறான். மறுதிசையில் கௌரவர் சேனை வந்து மாடுகளை வளைக்கிறது. ஆயர் தலைவன் ஓடிவந்து முறையிடுகிறான். நகரில் எஞ்சியிருக்கும் ஆண்மகன் இளவரசன் உத்தரன் ஒருவனே. தேரோட்டி மட்டும் கிடைத்தால் கௌரவரைத் தொலைத்துவிடுவேன் என்று பெண்கள் நடுவே அவன் வீரம் பேசுகிறான். தேரோட்டியாக வருகிறாள் பிருகன்னளை. கடல்போன்ற சேனையைக் கண்டதும் உத்தரன் தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். பிருகன்னளை பின்தொடர்ந்து அவனைப் பிடித்து வருகிறாள். பிறகு வன்னி மரத்தில் ஒளித்துவைத்த வில்லை எடுத்துப் பேடியே போரிட்டு வெல்கிறாள்.

இந்தச் சிரிப்பின் ஊற்று எது? ‘பேடி’ என்னும் சொல்லை நம் மொழி கோழைக்குப் பெயராக வைத்திருக்கிறது. ‘பேடித்தனம்’ என்று ஏசாத அரசியல் மேடை தமிழில் அரிது. ஆனால் இக்கதையில் ஓடுபவன் ஆண், நிற்பவள் பேடி. ஒரு கணம் மொழியே தலைகீழாகிறது. ஆண்மை என்பது உடலில் இல்லை, உடையில் இல்லை, மீசையிலும் இல்லை என்று சபை உணரும் தருணம் அது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் ஒன்றான பேடும் இவ்வகையினதே. சிறைப்பட்ட தன் மகன் அநிருத்தனை மீட்கக் காமன் பேடுருக்கொண்டு ஆடிய ஆடல் அது.

ஆயினும் கவிஞன் தந்ததைக் கதை உடனே பறித்துக்கொள்கிறது. சேலைக்குள் இருந்தவன் அருச்சுனன் என்று வெளிப்பட்டதும் ஒழுங்கு மீள்கிறது. பேடி வென்றாள் என்ற வியப்பு, வீரன் வென்றான் என்ற பழைய செய்தியாகச் சுருங்கிவிடுகிறது. ஆதிக்கத்தை ஒரு நாழிகை தலைகீழாக்கி, மறு நாழிகை முன்னிலும் உறுதியாக நிறுத்துவது நிலப்பிரபுத்துவ காலத்து நகைச்சுவையின் இயல்பு என்று கூறி நாம் இங்கேயே நிறுத்திவிடலாம். அப்படி நிறுத்தினால் அது பாரதத்துக்குச் செய்யும் அநீதி. ஏனெனில் அந்தப் பேரிலக்கியம் இங்கே நிற்கவில்லை. நிறுத்தியவர்கள் நம் மேடைக்காரர்களும் பாடநூற்காரர்களுமே.

வியாசரின் பாரதத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. பிருகன்னளை தேரேறும்போது உத்தரையும் அவள் தோழியரும், தம் பாவைகளுக்கு உடுத்த அழகிய வண்ணத் துணி கொண்டுவரும்படி கேட்கின்றனர். போர் என்றால் என்னவென்று அறியாத சிறுமியரின் கேள்வி அது. கௌரவர் மோகனக் கணையால் மயங்கிக் கிடக்கையில், துரோணர் முதலியோரின் வெள்ளையும் கர்ணனின் மஞ்சளும் துரியோதனனின் நீலமுமான ஆடைகளை அவிழ்த்துவரச் செய்கிறான் அருச்சுனன். உலகை நடுங்கவைத்த மாவீரரின் உடை பாவைக்குச் சட்டையாகிறது. போர்ப்பெருமையை இதைவிட நுட்பமாக எள்ளி நகையாடிய காட்சி மிகச் சிலவே.

அந்தச் சிறுமிக்குப் பின்னர் நேர்ந்தது என்ன? மகள் உடனே அபிமன்யுவுக்கு மணமுடிக்கப்படுகிறாள். அது குழந்தைகளின் காதல் அன்று, இரண்டு அரசுகளின் படை உடன்படிக்கை. குருக்ஷேத்திரத்தின் முதல் நாளிலேயே உத்தரன் சல்லியன் கையால் மடிகிறான். அவன் சகோதரர்களும் வீழ்கின்றனர். பதின்மூன்றாம் நாள் பதினாறு வயது அபிமன்யு சக்கரவியூகத்துள் கொல்லப்படுகிறான். விராடனைத் துரோணர் கொல்கிறார். பாவைக்குத் துணி கேட்ட சிறுமி, பதினெட்டு நாள் முடிவதற்குள் தந்தையும் உடன்பிறந்தாரும் கணவனும் இழந்து, வயிற்றில் கருவோடு நிற்கிறாள். நம்மைச் சிரிக்கவைத்த அந்த வீடே போரின் விலையை முழுதாகச் செலுத்துகிறது.

உத்தரனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெற்றி தன்னுடையது என்று தந்தை கொண்டாடியபோது, அவன் அதை ஏற்கவில்லை. வென்றவர் வேறொருவர் என்று உண்மை கூறுகிறான். வீண்பெருமை பேசிய சிறுவனை ஒரு நாள் அச்சம் மனிதனாக்கிவிட்டது. அவன் ஓடியபோது உயிர் பிழைத்தான், நின்றபோது இறந்தான். நம் மேடை ஓட்டத்தைக் காட்டிச் சிரிக்கவைத்துத் திரையை இறக்குகிறது, சாவைக் காட்டுவதில்லை. வெட்டி எடுக்கப்பட்ட நகைச்சுவை போரின் பரப்புரையாகிவிடும் என்பதற்கு இதுவே சான்று.

இதே பொருளை வேறொரு மண்ணில் எடுத்தாண்டவர் ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்செட். 2003ஆம் ஆண்டு வெளிவந்த அவரது ‘மான்ஸ்ட்ரஸ் ரெஜிமென்ட்’ ஒரு கற்பனை நாட்டு நகைச்சுவை நாவல். பெண்ணாட்சியை இகழ்ந்து ஜோன் நொக்ஸ் 1558இல் எழுதிய துண்டுநூலின் தலைப்பிலிருந்தே அப்பெயரை எள்ளலாக எடுத்தார். ஓயாத போரில் இளைஞரை இழந்துவிட்ட நாட்டில், காணாமற்போன அண்ணனைத் தேடிப் பொலி என்னும் பெண் முடியைக் கத்தரித்து ஆணுடை புனைந்து படையில் சேர்கிறாள். கூட வந்த ‘இளைஞர்’ ஒவ்வொருவராகப் பெண்களாக வெளிப்படுகின்றனர். படைத்தலைமையிலும் அப்படிப் பலர்.

அருச்சுனன் சேலையைக் களைந்ததும் பழைய ஒழுங்கு மீண்டது. பிராட்செட் சீருடையைக் களையக் களைய ஒழுங்கு கலைந்துகொண்டே போகிறது. வேடம் மாறிப் பெரும்பதவி அடைந்த பெண்களும் முதலில் தம் இரகசியத்தையே காக்க விரும்புகிறார்கள். போரை நிறுத்தும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. உடுப்பு மாறுவதால் மட்டும் அதிகாரம் மாறாது என்ற உண்மையை அவர் மறைக்கவில்லை. அவர் நாயகியும் மதிப்புப் பெறக் காற்சட்டை அணிந்தே தீரவேண்டியிருக்கிறது என்பது அந்நாவலின் குறையெனலாம். ஆனால் அக்குறை நாவலுக்கு மட்டும் உரியதன்று, உலகத்துக்கும் உரியது.

நம் மக்கள் கலை இதற்கு மேலும் ஓரடி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கூவாகத்தில் சித்திரைதோறும் அரவான் கதை நிகழ்கிறது. களப்பலியாக நிற்கும் அரவானுக்குப் பெண் கொடுப்பார் இல்லை. கண்ணனே மோகினியாகி அவனை மணக்கிறான். திருநங்கையர் அன்று தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளையுடுத்து ஒப்பாரி வைக்கின்றனர். இங்கே பெண்வேடம் சிரிப்புக்கு உரியதன்று, வீரனை ஒளிக்கும் திரையும் அன்று. போரால் தாலியிழக்கும் பெண்ணின் துயரை ஏற்கும் உடல் அது. காப்பியம் ஒருவனைப் பலியிட்டு மேலே சென்றது. மக்கள் அங்கே நின்று அழுதார்கள். பழந்தமிழ்ப் புறப்பொருளும் கைம்பெண் நிலைக்குத் ‘தாபத நிலை’ என்று ஒரு துறை வகுத்தது. ஆனால் நம் காலத்து மேடைகள் மகனைக் களத்துக்கு அனுப்பிய ஒக்கூர் மாசாத்தியாரின் தாயைத்தான் ஓயாது எடுத்துக்காட்டின. தாபத நிலையை எடுத்துக்காட்டியவர் சிலரே.

1983 முதல் 2009 வரை இந்நாட்டில் போர் நடந்தது. அதன் இறுதி ஆண்டுகளில் வன்னியில், கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சி, வயது நிரம்பாத பிள்ளைகளுக்குப் பெற்றோர் அவசரமாய் மணம் முடித்துவைத்தனர். அந்தத் தாலிகளும் ஒருவகை வேடமே. உயிரை ஒளித்துவைக்கப் பூண்ட வேடம். அப்பிள்ளைகளிற் பலர் இன்று உத்தரையின் இடத்தில் நிற்கின்றனர். அத்தகைய நாட்டில், பயந்து ஓடும் சிறுவனைப் பார்த்துச் சிரிக்க மாணவருக்கு நாம் கற்பிக்கலாமா?

காட்சியை நாம் கைவிடவில்லை. சிரிப்பை மக்களிடமிருந்து பறிப்பது இலக்கியவாதியின் வேலையன்று. சிரிப்பு எங்கே போய் முடிகிறது என்பதைக் காட்டுவதே அவன் வேலை. நாடகத்தின் இறுதியில் ஒரு சிறு காட்சி சேர்த்தோம். போர் முடிந்த நகரில் உத்தரை தனியே இருக்கிறாள். முன்னே தன் பாவைக்கு உடுத்திய நீலத்துணியை எடுத்து மடிக்கிறாள். வசனம் கிடையாது. சேலை கட்டி உத்தரையாக நடித்தவன் ஒரு மாணவனே. அவன் மேடைக்கு வந்ததும் முன்வரிசைப் பையன்கள் வழக்கம்போல் சிரிக்கத் தொடங்கினார்கள். துணியை மடித்து முடிக்கும்போது சிரிப்பு நின்றிருந்தது.

அந்தத் தாயாரும் வந்திருந்தார். உத்தரன் ஓடியபோது, இம்முறை, அவரும் சிரித்தார்.