எளிய வெட்டு, கடினமான கணக்கு

அன்றாட உடைகளை வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம் என்று ஊக்கப்படுத்துகிறவர்கள் மூன்று வாக்குறுதிகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள்: தைப்பது எளிது, காசு மிச்சம், ஒரே பேட்டர்னை வைத்துப் பத்து உடை. சேர்த்துக் கேட்கும்போது மறுக்கத் தோன்றாது. பிரித்து விசாரித்தால், முதலிரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை என்பது தெரியவரும்.

முதலில் காசு. தையல் பழகுகிறவர்களில் பலரும் நைட்டியில்தான் தொடங்குகிறார்கள் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். 44 அங்குலப் பன்னாவில் சுமார் 3 மீட்டர் துணி வேண்டும். சாயம் போகாத, சீக்கிரம் நைந்துவிடாத காட்டன் மீட்டர் 100 ரூபாய் என்றே வைப்போம். நூல், ஜிப், லேஸ் சேர்ந்தால் 300 ரூபாயைத் தாண்டிவிடும். அந்தக் காசுக்குள் தெருமுனைக் கடையில் தைத்த நைட்டியே தொங்குகிறது. இதில் மாயம் ஒன்றுமில்லை. தயாரிப்பவர் துணியை முழுச் சுருள்களாக மொத்த விலைக்கு எடுக்கிறார். பல அடுக்காக விரித்து மின்கத்தியால் ஒன்றாக வெட்டுகிறார். ஓர் அளவின் கைப்பகுதிக்குப் பக்கத்தில் இன்னோர் அளவின் பட்டியைச் செருகித் துணி வீணாகாமல் பார்த்துக்கொள்கிறார். தைப்பவருக்குப் பீஸ் கணக்கில் கூலி. நீங்கள் ஈரோடு கனி மார்க்கெட்டுக்கே போய்த் துணி எடுத்தாலும், ஒற்றை நைட்டிக்கு இந்தக் கணக்கை எட்ட முடியாது.

ஜாக்கெட்டில் கதை தலைகீழ். லைனிங் வைத்த ஜாக்கெட்டுக்கு நகரங்களில் கேட்கிற தையல்கூலி பல நேரம் துணியின் விலையைவிட அதிகம். கையில் காசு நிற்கக்கூடிய இடம் இதுதான். ஆனால் இதுதான் அன்றாட உடைகளிலேயே தைக்கக் கடினமானது. உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். கையைத் தூக்கினால் மேலே ஏறக் கூடாது. ஹூக் வரிசை இடையிடையே பிளக்கக் கூடாது. டக்ஸின் முனை அரை அங்குலம் தள்ளிப்போனாலும் முன்பக்கம் முழுக்கக் கோணிக்கொள்ளும். போதாததற்கு, சேலையோடு வருகிற ஜாக்கெட் துணி ஒன்றே ஒன்று. தப்பாக வெட்டினால் மாற்றுக்கு எங்கே போவது?

ஆக, எளிது எங்கேயோ அங்கே லாபமில்லை. லாபம் எங்கேயோ அங்கே எளிதில்லை. வீட்டுத் தையலைப் புகழ்கிற எவரும் இந்த முரணைத் தாண்டித்தான் பேச வேண்டும். பெரும்பாலோர் நைட்டியின் எளிமையையும் ஜாக்கெட்டின் கூலியையும் ஒரே வாக்கியத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

காசைத் தள்ளிவைத்துவிட்டு எளிமையைப் பார்க்கலாம். அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் 1863இல் அளவுவாரியான காகித பேட்டர்ன்களைக் கொண்டுவந்தார். வெட்டும் வித்தை தெரியாதவரும் கோட்டைப் பார்த்து வெட்டலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. காகிதத்தில் இருப்பது யாருடைய உடம்பும் அல்ல, ஒரு சராசரி. அங்கத்திய பெரிய நிறுவனங்களின் பேட்டர்ன்கள் இன்றும் பெரும்பாலும் பி கப் மார்பை மனத்தில் வைத்தே வரையப்படுகின்றன. அதைவிடப் பெரிய மார்புள்ளவர் தைத்துப் போட்டால் முன்விளிம்பு மேலே ஏறி, பின்விளிம்பு தொங்கும்.

இன்றைய ‘எளிய’ பேட்டர்ன்கள் இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை, தளர்ச்சியால் மூடிவைத்திருக்கின்றன. டக்ஸ் கிடையாது. ஜிப் கிடையாது. தோள்பட்டையைக் கீழே இறக்கி, கையை உடலோடு சேர்த்தே வெட்டிவிடுகிறார்கள். எந்த உடம்புக்கும் பொருந்தாமல் இருப்பதால் எல்லா உடம்புக்கும் ஆகிறது. நம் ஊர் வெயிலில் தளர்ச்சி ஒரு குறையல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். காற்றோடுகிற உடைதான் சித்திரை மாதத்துக்கு உகந்தது. ஆனால் அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துப் பாருங்கள். சட்டை முழுவதும் கையோடு சேர்ந்து மேலே போகும். அக்குளுக்குக் கீழே நீளம் போதாததுதான் காரணம். வெட்டு எளிமையானதற்கு விலை கொடுப்பது அந்த அக்குள்.

இந்த இடத்தில் வட இந்தியாவின் பழைய குர்தாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதுவும் ஓர் எளிய பேட்டர்ன்தான். ஆனால் சிக்கலை மூடாமல் தீர்த்த பேட்டர்ன். உடலுக்கு முன்னும் பின்னுமாக ஓடும் நீண்ட செவ்வகம் ஒன்று. கைக்கு இரண்டு. பக்கவாட்டில் கீழே போகப் போக அகலும் துண்டுகள், கலி என்பார்கள். ஒரு செவ்வகத்தைச் சாய்வாக ஒருமுறை வெட்டினால் அப்படி இரண்டு துண்டு கிடைத்துவிடும், நறுக்கு விழாது. எல்லாவற்றுக்கும் மேலாக அக்குளில் வைக்கிற சின்னச் சதுரம். பாவும் ஊடையும் நேராக இழுத்தால் விட்டுக்கொடுக்காது. அதே துணியை மூலைவாட்டில் இழுத்தால் கொடுக்கும். அந்தச் சதுரம் அக்குளில் மூலைவாட்டில் உட்காருவதால், கை உயரும்போது அது விரிகிறது, சட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது. வளைந்த கைக்குழி வெட்டத் தெரிய வேண்டியதில்லை, கையைச் சுருக்கி ஏற்றவும் வேண்டியதில்லை. சதுரத்தின் மூலைக்கு வந்ததும் ஊசியைத் துணிக்குள் நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, துணியைத் திருப்ப வேண்டும். கஷ்டமான இடம் அது ஒன்றுதான். துணி விலை உயர்ந்ததாகவும் உழைப்பு கைத்தையலாகவும் இருந்த காலத்தில் உருவான வெட்டு என்பதால், வீணும் இல்லை, வீண்வேலையும் இல்லை. புதிய எளிய பேட்டர்ன்களோடு வைத்துப் பார்த்தால் பழையதே ஒரு படி மேலே நிற்கிறது. எளிய பேட்டர்ன் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

மூன்றாவது வாக்குறுதி, ஒரே பேட்டர்னில் பத்து உடை. இதில் பாதி உண்மை. நீளத்தைக் குறைத்தால் டாப், கூட்டினால் குர்தா, இன்னும் கூட்டினால் நைட்டி. கழுத்தை மாற்றலாம், கையைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் வரிசையாக மாட்டிப் பார்த்தால் பத்தும் ஒரே முகஜாடையில் இருக்கும். உண்மையான வேறுபாட்டைக் கொண்டுவருவது துணி. அதே வெட்டு மல்மலில் உடம்போடு ஒழுகி விழும். கெட்டியான கைத்தறிக் காட்டனில் விறைத்து நிற்கும். ரேயானில் எடை தாங்காமல் கீழிறங்கி, விளிம்பு ஓரிடத்தில் ஒரு நீளமாகத் தொங்கும். பேட்டர்னைப் புகழ்கிறவர்கள் துணிக்குச் சேர வேண்டிய பெருமையைக் காகிதத்துக்குக் கொடுக்கிறார்கள்.

போகட்டும், ஒரே பேட்டர்ன் என்பது நம் பெண்களுக்கு அப்படியொன்றும் புதிதுமல்ல. தையல்கடையில் கொடுக்கிற அளவு ஜாக்கெட் வேறென்ன? நன்றாகப் பொருந்திய ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்து, வருடக்கணக்கில் அதையே அளவாகக் கொடுத்து, கழுத்தை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். மதுரைப் புதுமண்டபத்துக் கல்தூண்களுக்கு இடையே தலைமுறைகளாக மெஷின் போட்டிருந்து, இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கிற தையல்காரர்களில் யாரைக் கேட்டாலும் டேப்பைவிட அளவுத்துணியைத்தான் நம்புவார்கள் என்று நினைக்கிறேன். வித்தியாசம் ஒன்றே: அங்கே பேட்டர்ன் உங்களுடையது, அதைப் படிக்கத் தெரிந்த கண் தையல்காரருடையது.

விளம்பரங்கள் தொடாமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு: உள்பக்கம். அன்றாட உடை என்றால் அடிக்கடி துவைக்கிற உடை. துவைக்கிற கல்லில் அடிபடுகிற உடை. அதன் ஆயுளைத் தீர்மானிப்பது வெட்டு அல்ல, ஓரம். கடை உடைக்கு ஓவர்லாக் இருக்கிறது. வீட்டில் பெரும்பாலும் இல்லை. ஓரத்தை அப்படியே விட்டால் சில மாதத்தில் நூல் பிரிந்து தையல் வரைக்கும் வந்துவிடும். நேர்த்தையல் மட்டுமே போடுகிற மிதி மெஷினிலும் இதற்கு வழி இருக்கிறது: முதலில் நல்ல பக்கம் வெளியே தெரிய ஒரு தையல், ஓரத்தைக் கத்தரித்து, திருப்பி, அதை உள்ளே வைத்து மூடி இரண்டாவது தையல். நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். காட்டனை வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்துவதற்கும் நேரம் வேண்டும். அதை விட்டுவிட்டால் முதல் துவைப்பில் துணி இழுத்துக்கொள்ளும், அளவு பார்த்த பாடெல்லாம் வீண். ‘ஒரு மத்தியானத்தில் முடிக்கலாம்’ என்கிற பேட்டர்ன்கள் இவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த மத்தியானம் யாருடையது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 1924இல், பிற்காலத்தில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜி. ராமச்சந்திரன் மாணவராக இருந்தபோது, இயந்திரங்கள் எல்லாவற்றையுமே எதிர்க்கிறீர்களா என்று காந்தியிடம் கேட்டார். காந்தி விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மெஷினை. மனைவி கையால் தைத்துச் சலிப்பதைப் பொறுக்காமல் சிங்கர் அதை உருவாக்கினார் என்பது அவர் சொன்ன காரணம். அழகான கதை, ஆனால் 1851இல் காப்புரிமை பெற்ற ஐசக் சிங்கர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் நடத்தியவர், பணத்தில் குறியாக இருந்த வியாபாரி. மெஷின் வீட்டுப் பெண்ணின் நேரத்தை மிச்சப்படுத்தியது உண்மை. மிச்சமான நேரத்தில் இன்னும் நிறையத் தைக்க வேண்டிவந்ததும் உண்மை. தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் மெஷின் கொடுக்கிறதே, அது கைம்பெண்களும் ஏழைப் பெண்களும் தைத்துச் சம்பாதிக்க. தங்கள் அலமாரியை நிரப்பிக்கொள்ள அல்ல. அரசு அந்த உழைப்புக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொள்கிறது. வீட்டுக்குள் தைக்கிறபோது மட்டும் அது ‘மிச்சம்’ என்ற பெயரில் காணாமல் போகிறது.

அப்படியானால் தைப்பதே வீணா? இல்லை. ஆனால் காரணம் வேறாக இருக்க வேண்டும். கடை அளவுகள் எம், எல், எக்ஸெல் என்று ஏறுகிறபோது உயரமும் மார்பும் இடுப்பும் சேர்ந்தே ஏறுகின்றன. அந்த வரிசையில் அடங்காத உடம்புகள் நிறைய. குள்ளமாக, தோள் குறுகி, இடுப்பு அகன்றவருக்குக் கடையில் என்ன கிடைக்கும்? கைபேசி போடுகிற அளவுக்குப் பக்கப் பாக்கெட் வைத்த குர்தாவைப் பெண்கள் பகுதியில் தேடிப் பாருங்கள். பால் கொடுக்கிறவருக்குத் திறப்பு எங்கே வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். சின்னாளப்பட்டியிலோ நெகமத்திலோ பிடித்த கைத்தறிச் சேலையைக் கண்டு, அதிலேயே குர்தா வேண்டும் என்று நினைப்பவருக்கும் ரெடிமேட் உதவாது. இந்தக் காரணங்கள் எதிலும் காசுக் கணக்கு இல்லை. எல்லாமே வலுவானவை.

ஆகவே என் தீர்ப்பு இது: முழு அலமாரியையும் தைத்துக்கொள்ளும் திட்டத்தைக் கைவிடலாம். குர்தா, பைஜாமா, உள்பாவாடை ஆகிய மூன்றை மட்டும் தைக்கலாம். பேட்டர்ன்களைச் சேர்க்க வேண்டாம். அக்குள் சதுரம் வைத்த குர்தா ஒன்றைப் பழுப்புத்தாளில் வெட்டி, தைக்கிற ஒவ்வொரு முறையும் எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று அந்தத் தாளிலேயே திருத்திக்கொண்டு போனால், ஓரிரு வருடத்தில் கடையில் விற்காத ஒரு பேட்டர்ன் கையில் இருக்கும். ஜாக்கெட்டைத் தையல்காரரிடமே கொடுங்கள், கூலியைப் பேரம் பேசாமல். ஆண்களுக்கான காலர் சட்டையும் அவரிடமே.

பின்னல் துணி வேண்டவே வேண்டாம். திருப்பூரில் ஏற்றுமதி மிச்சம் கிலோ கணக்கில் கிடைக்கிறதே என்று ஆசை வரும். அதற்கு முனை மழுங்கிய வேறு ஊசி வேண்டும், இழுத்தால் அறுந்துவிடாத தையல் வேண்டும், ஓவர்லாக் இருந்தால் இன்னும் நல்லது. அதையெல்லாம் வாங்குகிற காசுக்கு எத்தனையோ டீ ஷர்ட் வாங்கிவிடலாம். வீட்டில் அம்மாவின் மிதி மெஷின் ஓரமாகக் கிடந்தால் எண்ணெய் விட்டு, பெல்ட்டை மாற்றி, அதிலேயே தொடங்குங்கள். நேர்த்தையல் ஒழுங்காக விழுந்தால் மேலே சொன்ன மூன்றுக்கும் அது போதும்.