28 வயதில் பேசக் கற்ற சென்டர்

1973 மார்ச் 26, செயின்ட் லூயிஸ் நகரம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதிப்போட்டியில் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணிக்குக் கூடையருகே ஆடும் சென்டர் பில் வால்டன் 22 முறை கூடையை நோக்கிப் பந்தை எறிந்தார். 21 முறை உள்ளே விழுந்தது. மொத்தம் 44 புள்ளிகள். 6 அடி 11 அங்குல உயரமுள்ள அந்த இளைஞரைத் தடுக்க மெம்பிஸ் ஸ்டேட் அணியிடம் வழியே இல்லை. ஆனால் ஆட்டம் முடிந்து யாராவது கை கொடுத்தால், ‘வணக்கம்’, ‘நன்றி’ என்று சொல்லக்கூட அவர் திணறினார். சிறுவயது முதலே கடுமையான திக்கல்.

அதே வால்டன் 1990-களில் தொலைக்காட்சி வர்ணனையாளரானார். எம்மி விருது வாங்கினார். 2009-ல் அமெரிக்க விளையாட்டு வர்ணனையாளர்கள் சங்கம் தயாரித்த எல்லாக் காலத்துக்குமான சிறந்த 50 பேர் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. இந்த இரண்டு வால்டன்களுக்கும் நடுவே நடந்ததைத் துணிச்சலின் கதையாகச் சொல்வது வழக்கம். துணிச்சல் அவருக்குக் களத்தில் எப்போதுமே இருந்தது. அது நாக்குக்கு உதவவில்லை. அவரை மாற்றியது பயிற்சி முறை. அலசிப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அந்தப் பயிற்சி தொடங்கியபோது வால்டனுக்கு 28 வயது. 1977-ல் அமெரிக்கத் தொழில்முறை லீகில் போர்ட்லேண்ட் அணிக்குக் கோப்பை, 1978-ல் அந்த லீகின் மிகச் சிறந்த வீரர் விருது என்று உச்சம் தொட்டவர், பாதக் காயங்களால் ஆட முடியாமல் உட்கார்ந்திருந்த காலம். ஒரு நிகழ்ச்சியில் மார்ட்டி கிளிக்மேனைத் தற்செயலாகச் சந்தித்தார். கிளிக்மேன் நியூயார்க்கின் புகழ்பெற்ற வானொலி வர்ணனையாளர். அதற்கு முன்பு ஓட்டப்பந்தய வீரர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்துக்குத் தேர்வாகி, கடைசி நேரத்தில் நீக்கப்பட்ட இரு யூத வீரர்களில் ஒருவர். விளையாட்டுக்காரரின் உடலும் பேச்சாளரின் வாயும் எப்படி வேலை செய்கின்றன என்பது தெரிந்தவர்.

அவர் சொன்னது சில நிமிடப் பேச்சுதான் என்று வால்டன் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். பேசுவது பிறப்பிலேயே வரும் வரமல்ல, அது ஒரு திறன். பந்தாட்டத்தை எப்படிக் கற்றாயோ அப்படியே இதையும் கற்க வேண்டும் என்பது அதன் சாரம். மற்றவருக்கு இது சாதாரண அறிவுரை. வால்டனுக்கு அப்படியில்லை. காரணம், அவர் யாரிடம் பந்தாட்டம் கற்றார் என்பது.

யுசிஎல்ஏ பயிற்சியாளர் ஜான் வுடன், சீசனின் முதல் நாளில் வீரர்களுக்குக் காலுறை அணியக் கற்றுக்கொடுப்பார். சுருக்கம் விழுந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சி போகும். கற்றலுக்கு எட்டு விதிகள் உண்டு என்பார் வுடன். விளக்குதல், செய்து காட்டுதல், பார்த்துச் செய்தல் ஆகியவை முதல் மூன்று. மிச்சம் ஐந்தும் ஒரே விதி: திரும்பச் செய். இந்தப் பள்ளியில் வளர்ந்தவரிடம் ‘பேச்சும் ஒரு திறன்’ என்றால் அவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். பெரிய வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக்குவார். ஒவ்வொன்றையும் சலிக்காமல் செய்வார்.

அப்படித்தான் செய்தார். எந்தெந்த ஒலிகளில் நாக்கு மாட்டிக்கொள்கிறது என்று கவனித்துப் பட்டியலிட்டு, அவற்றை மட்டும் தனியே சொல்லிப் பழகினார். தாடைத் தசைகள் வலுப்பெறச் சர்க்கரையில்லாச் சூயிங் கம் மென்றார். புத்தகமோ நாளிதழோ, கையில் கிடைத்ததை வாய்விட்டுப் படித்தார். கண்ணாடி முன் நின்று பேசினார். மனம் ஓடும் வேகத்தைக் குறைக்கக் கற்றார். எண்ணம் முந்திக்கொண்டு ஓடினால் வாய் தடுமாறுகிறது என்பது அவருக்குப் பிடிபட்டிருந்தது. பிறகு சிறு பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தார்.

இதில் இரண்டு இடங்கள் நின்று பார்க்கத் தக்கவை. முதலாவது, வாய்விட்டுப் படித்தல். மேடைப் பேச்சாளர் ஒரே நேரத்தில் பல வேலை செய்கிறார்: என்ன சொல்வது என்று யோசிக்கிறார், வாக்கியத்தைக் கட்டுகிறார், எதிரே இருப்பவர் முகத்தைப் படிக்கிறார், குரலையும் மூச்சையும் நடத்துகிறார். அச்சிட்ட பக்கம் முதல் மூன்றையும் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறது. குரலும் மூச்சும் மட்டுமே மிஞ்சும். தற்காப்பு வீரர் யாரும் இல்லாத களத்தில் எறிந்து பழகுவது இதற்கு ஈடானது.

இரண்டாவது, பிள்ளைகள். இந்தத் தேர்வு மிகக் கூர்மையானது. கேட்பவர் கூட்டம் சிறியது, எடைபோடாதது. பொருளோ வால்டனுக்குத் தூக்கத்திலும் தெரிந்தது. பந்தை எப்படிப் பிடிப்பது என்று சொல்ல அவர் யோசிக்க வேண்டியதே இல்லை. முழுக் கவனத்தையும் பேச்சின் மீது வைக்கலாம். ‘மேடையில் தள்ளிவிட்டால் தானாகப் பழகிவிடும்’ என்று நம்மில் பலர் சொல்கிறோம். தெரியாத பொருள், முன்பின் அறியாத கூட்டம், முதல் மேடை மூன்றையும் ஒரே நாளில் ஒருவர் தலையில் ஏற்றுவது பயிற்சியே ஆகாது. பயந்து இறங்கி வரும் பிள்ளை அடுத்த மேடையைத் தவிர்க்கத்தான் பழகும்.

மைக் முன் வந்த வால்டன் குறையற்ற வர்ணனையாளர் அல்ல. மிகையாகப் பேசுகிறார், ஆட்டத்தை விட்டு எங்கோ போகிறார் என்று ரசிகர்களில் ஒரு சாரார் கடைசிவரை குறைப்பட்டார்கள். அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆனால் ஒரு காலத்தில் வாயே திறக்காத மனிதர் மீது ‘அதிகம் பேசுகிறார்’ என்ற புகார் வந்தது! தன் வாழ்வின் மிகப் பெரிய சாதனையாகக் கோப்பைகளைச் சொல்லாமல், பேசக் கற்றதையே அவர் சொன்னார். திக்கல் தன்னை விட்டுப் போய்விட்டதாக ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. 2024 மே மாதம், 71 வயதில் அவர் மறைந்தார்.

எல்லோருக்கும் தற்செயலாக ஒரு கிளிக்மேன் வாய்ப்பதில்லை. சிகாகோ புல்ஸ் அணிக்காகத் தொடர்ந்து 7 சீசன்கள் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் பாப் லவ். திக்கல் காரணமாக நிருபர்கள் அவரிடம் அதிகம் போகவில்லை. விளம்பர வாய்ப்புகளும் அமையவில்லை. முதுகுக் காயத்தால் ஆட்டம் முடிந்தபின், 1980-களில் சியாட்டிலில் நார்ட்ஸ்ட்ராம் கடையின் உணவகத்தில் மணிக்கு 4.45 டாலர் கூலிக்குப் பாத்திரம் கழுவினார். அந்த நிறுவனத்தின் குடும்பத்தார் பேச்சுச் சிகிச்சைக்கான செலவை ஏற்க முன்வந்தார்கள். 40 வயதைத் தாண்டியபின் ஒரு சிகிச்சையாளரின் எதிரே உட்கார்ந்து, ஒலி ஒலியாகத் தொடங்கினார். 1990-களில் அதே புல்ஸ் அணி அவரைச் சமூகத் தொடர்பு இயக்குநராக அமர்த்தியது. மேடையேறிப் பேசுவதே வேலை. பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசினார். 1994-ல் அவருடைய 10-ம் எண் சட்டைக்கு அணி ஓய்வு கொடுத்தது.

லவ்வுக்குக் குறைவாக இருந்தது உழைப்பு அல்ல. அதற்கு ஆட்டக்களமே சாட்சி. சரியான பயிற்சியாளரும் அவருக்குக் கொடுக்கக் காசும் இல்லாததால் ஒரு மனிதரின் குரல் 40 ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தது. 2012-ல் தொழில்முறை லீகின் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது இரண்டாவதாக எடுக்கப்பட்ட மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட்டும் திக்கலோடு ஆடியவர். ஆட்டத்தை விட்டபின் அவர் ஒரு அறக்கட்டளை தொடங்கி, பேச்சுச் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்க வேண்டும் என்று அமெரிக்க மாநில சட்டமன்றங்களில் உறுப்பினர்கள் முன் நின்று, தன் திக்கலோடே பேசி வருகிறார்.