சாக்கும் குழாயும்: ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தை வாசித்தல்

பழைய கட்டடங்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. எந்த ராஜா கட்டினான், தூண் என்ன மரம், வளைவு எந்தப் பாணி. கட்டடத்துக்குள்ளே யார் எங்கே உட்கார்ந்தாங்க, யாரை வாசலோட நிறுத்தினாங்க என்பது அந்த வாய்ப்பாட்டில் வராது. இலக்கியப் பிரதிகளைக் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்ட நாம் கட்டடங்களையும் அதேபோல வாசிக்கணும். சதாராவிலிருந்து தொடங்கலாம்.

மகாராஷ்டிரத்தின் சதாரா, மராத்திய அரசர்களின் ஊர். 1848இல் வாரிசு இல்லை என்று சொல்லி ஆங்கிலேயர்கள் அந்த அரசைச் சேர்த்துக்கொண்டார்கள. ராஜவாடா என்ற பழைய அரண்மனைப் பகுதியில் நடந்த அரசுப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பிரதாப்சிங் என்ற அரசரின் பெயர் வந்தது. 1900 நவம்பர் 7ஆம் தேதி ஒன்பது வயது மகர் பையன் ஒருவன் அங்கே ஆங்கில முதல் வகுப்பில் சேர்ந்தான். பதிவேட்டில் பிவா ராம்ஜி அம்பேத்கர் என்ற பெயர் இருக்கிறது. அந்த நாளை 2017 முதல் மகாராஷ்டிர அரசு மாணவர் தினமாக அறிவித்திருக்கிறது. அரண்மனையும் பதிவேடும் சேர்ந்தால் பாரம்பரியப் பெருமைக்கு வேறென்ன வேண்டும்?

அந்தப் பதிவேட்டு வரியை நான் குறைத்துப் பேசவில்லை. 1856இல் தார்வாரில் ஒரு மகர் சிறுவன் அரசுப் பள்ளியில் இடம் கேட்டு மனுப் போட்டான். பம்பாய் அரசாங்கம் மறுத்துவிட்டது. மற்ற சாதிக்காரங்க பிள்ளைகளை நிறுத்திவிடுவாங்களோ என்ற பயம். அந்த மறுப்பை நினைத்துப் பார்த்தால் 1900இல் எழுதப்பட்ட ஒரு பெயரின் கனம் தெரியும்.

ஆனால் சதாராவுக்கு இன்னொரு பிரதியும் இருக்கிறது. அதை எழுதியவர் அந்தப் பையனேதான். ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்று நாம் தமிழில் படிக்கிற சின்ன நூல். 1930களில் எழுதியது, அவர் இறந்து பல ஆண்டு கழித்து 1990இல்தான் புத்தகமாக வந்தது. அதில் சதாரா நாட்களைச் சொல்லும்போது வகுப்பறை வருகிறது. மற்ற பையன்களோடு உட்கார முடியாது, மூலையில் தனியாக உட்காரணும். உட்கார ஒரு சாக்கு. பள்ளிக்கூடத்தைப் பெருக்குகிற ஆளும் அதைத் தொடமாட்டார். சாயங்காலம் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் காலையில் திரும்பக் கொண்டுவரணும். தாகம் எடுத்தால் மற்ற பிள்ளைகள் வாத்தியாரிடம் கேட்டுவிட்டுக் குழாயைத் திறப்பார்கள். இவன் குழாயைத் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்துவிடணும். பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது.

இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பதிவேடு ‘சேர்ந்தான்’ என்கிறது. எங்கே உட்கார வைத்தார்கள் என்பதைச் சாக்குதான் சொல்கிறது. பதிவேட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம், மந்திரி வந்து மாலை போடலாம். சாக்கை எந்தப் பெட்டியில் வைப்பது? அதனால்தான் கொண்டாட்டங்களுக்குப் பதிவேடு மட்டும் போதுமானதாக இருக்கிறது. ‘இவ்வளவு பெரிய மேதை படித்த இடம்’ என்று சொல்லிவிட்டால், அந்த மேதையைத் தாகத்தோடு உட்கார வைத்த இடம் என்பது மறைந்துபோகும்.

நூறு வருஷத்துக்கு முந்தைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். நான் படித்த பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ எங்க தெருப் பிள்ளைகளைத்தான் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. கழுவி முடித்ததும் நாங்க கடைசியாகத்தான் குடிக்கணும். அந்தக் கட்டடத்துக்கும் வயசாகிவிட்டது. இப்ப அதைப் பார்த்தால் ஓட்டுக் கூரை எனக்குக் கண்ணில் படுவதில்லை. தொட்டிதான் தெரிகிறது.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். சதாரா மாவட்டத்து நாய்காவ் கிராமத்தில் பிறந்த சாவித்திரிபாய், ஜோதிராவ் புலேயோடு சேர்ந்து 1848இல் பெண்களுக்குப் பள்ளி நடத்திய புனேயின் பிடேவாடா, இடிபாடாகிக் கிடந்தது. பல வருஷ வழக்குக்குப் பிறகு, நினைவகம் கட்டுவதற்காக 2023 டிசம்பரில் அதை இடித்தார்கள். புது நினைவகம் எழும்பலாம், எழும்பட்டும். ஆனால் அந்தப் பழைய சுவரை இனி யாரும் தொட்டுப் பார்க்க முடியாது. அரண்மனை என்றால் காப்பாற்ற ஆள் வரும். சூத்திரர்களும் பெண்களும் எழுத்துப் படித்த இடம் தானாக விழும்வரை காத்திருப்பார்கள்.

ஆகவே சதாராவின் கட்டடம் நிற்கவேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். மரத்தூணுக்காக அல்ல, சாட்சிக்காக. அந்த நூலின் சாக்கும் குழாயும் வரும் பக்கத்தை மராத்தியில் கல்லில் வெட்டி அங்கே வைக்கணும். நவம்பர் 7 அன்று சதாராவில் மட்டுமில்லை, நம்ம ஊர் வகுப்பறையிலும் அந்தப் பக்கத்தை வாசிக்கலாம். வாசித்து முடித்ததும் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நம்ம பள்ளிக்கூடத்துக் கக்கூஸை யார் கழுவுறாங்க?