ஓம் மட்டும் போதுமா?

வாஞ்சூரில் 2009-ஆம் ஆண்டு துறைமுகம் தொடங்கிய நாள்முதல், பளு ஏறுவதும் இறங்குவதும் காரைக்கால் மக்களாகிய எங்களுக்குப் பழகிய காட்சி. அத்தகைய பளுதூக்கி ஒன்று மின்மோட்டாரால் இயங்குவதாக வைத்துக்கொள்வோம். பளு மேலேறும்போது மோட்டார் மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. கீழே இறங்கும்போது என்ன நிகழ்கிறது? பளுவே மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டார் ஜெனரேட்டராக மாறிவிடுகிறது.

இந்த மின்சாரம் எங்கே போகும்? மோட்டாரின் வேகத்தை ஆளும் ‘டிரைவ்’ என்ற கருவி, 415 வோல்ட் மின்சாரத்தை முதலில் நேர்த்திசை மின்சாரமாக்குகிறது. அதன் அழுத்தம் சுமார் 587 வோல்ட். சாதாரண டிரைவ், திரும்பிவரும் ஆற்றலை மின்வாரியக் கம்பிக்குத் திருப்பி அனுப்பாது. ஆகவே உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அது 750 வோல்ட்டை ஒட்டி உயர்ந்ததும் ஒரு டிரான்சிஸ்டர் திறந்து, மின்சாரத்தை ஒரு மின்தடைக்குள் செலுத்துகிறது. ஆற்றல் வெப்பமாகி வெளியேறுகிறது. இதைத்தான் பட்டறைகளில் ‘பிரேக்கிங் ரெசிஸ்டர்’ என்கிறார்கள்.

இதைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றியே என் குறை. “எத்தனை ஓம்?” என்று கேட்டு வாங்குகிறோம். அந்தக் கேள்வி தேவைதான். ஓம் குறைந்தால் டிரான்சிஸ்டர் தாங்காது. கூடினால் ஆற்றல் வேகமாக வெளியேறாமல் டிரைவ் நின்றுவிடும். ஆனால், “எவ்வளவு நேரம்?” என்று கேட்பவர் சிலரே.

கணக்கிட்டுப் பாருங்கள். மின்தடை 40 ஓம். அழுத்தம் 750 வோல்ட். அழுத்தத்தின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் சுமார் 14 கிலோவாட். நிமிடத்திற்கு 6 விநாடி மட்டுமே பளு இறங்குமானால், சராசரி 1.4 கிலோவாட்தான். எனவே 2 கிலோவாட் மின்தடை வாங்குகிறோம். இதில் பிழையில்லை. இடைவெளியில் அது ஆறிவிடும்.

அந்த டிரான்சிஸ்டர் பழுதாகி, மூடாமலே நின்றுவிட்டால்? இப்போது 587 வோல்ட் இடைவிடாமல் பாயும். அதாவது 8.6 கிலோவாட், தாங்கும் அளவைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். கம்பி செக்கச்செவேலெனக் கனலும். ‘ஸ்டாப்’ பொத்தானை அழுத்திப் பயனில்லை. அது மோட்டாரை நிறுத்துமேயன்றி இந்தப் பாதையைத் துண்டிக்காது. வெளியிலிருந்து வரும் மின்சாரத்தையே கான்டாக்டர் துண்டிக்கவேண்டும். அதற்குக் கட்டளையிட மின்தடையின்மேல் ஒரு வெப்பச் சுவிட்ச் வேண்டும். மின்சாரம் நின்றதும் இயந்திர பிரேக் பளுவைப் பிடித்துக்கொள்ளும்.

தயாரிப்பாளர்களின் கையேடுகளில் இந்தப் படம் பெரும்பாலும் இருக்கிறது. ஆயினும் நான் பார்த்த ஒரு பேனலில் வெப்பச் சுவிட்சின் இரு கம்பிகளும் எதிலும் இணைக்கப்படாமல் அழகாகச் சுருட்டிவைக்கப்பட்டிருந்தன. கான்டாக்டர் ஒன்றின் விலை மிச்சம்! அருகில் நின்று வேலை செய்பவரின் உயிருக்கு என்ன விலை?

டீசல் ரயில் எஞ்சினைப் பாருங்கள். பிரேக் போடும்போது அதன் சக்கர மோட்டார்கள் உண்டாக்கும் மின்சாரம் மின்தடைச் சட்டங்களில் வெப்பமாகிறது. பல எஞ்சின்களில் அவற்றைக் குளிர்விக்கும் விசிறியையும் அதே மின்சாரமே சுழற்றுகிறது. வெப்பம் மிகுந்தால் காற்றும் மிகும். பாதுகாப்பு அங்கே பிற்சேர்க்கை அன்று, அமைப்பிலேயே பிறந்தது.

எங்கள் ஊருக்கு மற்றொரு கவலையும் உண்டு. மின்தடையைப் பேனலுக்கு வெளியே, காற்றோட்டமான கூண்டில் வைப்பதே முறை. ஆனால் இங்கே வீசுவது உப்புக்காற்று. திருகுகள் துருவேறும், இணைப்பு தளரும். எனவே துருப்பிடிக்காத உலோகம் வேண்டும். வெப்பச் சுவிட்சும், சாதாரண நிலையில் மூடியிருந்து சூட்டில் திறக்கும் வகையாக இருக்கட்டும். அப்போது கம்பி அறுந்தாலும் இயந்திரம் நின்று நம்மை எச்சரிக்கும்.

குற்றம் பட்டறைக்காரருடையது மட்டுமா? ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதி, விடை வந்ததும் அழித்துவிடும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் அதில் பங்குண்டு. எத்தனை ஓம், எவ்வளவு நேரம், பழுதானால் எது துண்டிக்கும்? இம்மூன்றையும் சேர்த்துக் கேட்க இனியாவது நம் மாணவர்களைப் பழக்குவோம்.