மூன்று மாதத்துக்கு ஓர் எண்

செப்டம்பர் கடைசியில் அந்த அறிவிப்பு வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை இந்த முறை இயல்பை ஒட்டி இருக்குமா, கூடுமா, குறையுமா என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை சொல்லும். மறுநாள் நாளிதழ்களில் அதுதான் தலைப்புச் செய்தி. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை விழுந்தாக வேண்டும் என்பதால் இந்த ஆவலைக் குறை சொல்ல முடியாது. சம்பாப் பயிரும் அடுத்த கோடையின் குடிநீரும் அதில்தான் இருக்கின்றன. ஆனால் பழவேற்காடு முதல் நீரோடி வரை கரையோரம் பிழைப்பவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தால், கணிப்பு பலித்த ஆண்டிலும்கூட, கையில் எதுவும் தேறாது.

அந்த எண் எதைக் குறிக்கிறது என்று முதலில் பார்ப்போம். தமிழ்நாடு-புதுச்சேரி, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமை, தெற்கு உள் கர்நாடகம் ஆகிய ஐந்தையும் சேர்த்துத் தென் தீபகற்பம் என்று ஒரே பரப்பாகக் கொள்கிறார்கள். 1971 முதல் 2020 வரையிலான சராசரிப்படி அந்தப் பரப்பின் மூன்று மாத மழை சுமார் 334 மி.மீ. அதில் 88 முதல் 112 விழுக்காட்டுக்குள் பெய்தால் இயல்பு. நாகப்பட்டினம் கடற்கரையில் இந்தப் பருவத்தில் மட்டும் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பெய்யும். அனந்தபூர் அதற்கு வெகு கீழே நிற்கும். இரண்டையும் கூட்டி வகுத்து வந்த சராசரியை வைத்துக்கொண்டு வேதாரண்யத்துக்காரர் என்ன முடிவெடுப்பார்? தமிழ்நாட்டுக்கென்று தனியாகச் சொல்லும்போதும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. கடலூரும் தருமபுரியும் ஒரே பைக்குள்தான்.

கணிப்பின் அடிப்படை பெரும்பாலும் பசிபிக் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல்நீர் சூடேறும் எல் நினோ என்றால் நமக்கு வடகிழக்குப் பருவத்தில் மழை கூடும், குளிரும் லா நினா என்றால் குறையும் என்பது பொதுவிதி. 2015 அதற்கு நல்ல சாட்சி. வலுவான எல் நினோ, சென்னையை மூழ்கடித்த மழை. லா நினா வந்து மழை குறைந்த 2016-உம் ஒத்துப்போனது. ஆனால் 2010-உம் 2021-உம் லா நினா ஆண்டுகள். இரண்டிலும் கொட்டித் தீர்த்தது. 2021-இல் தமிழ்நாட்டுக்கு 59 விழுக்காடு கூடுதல் மழை. பருவத்தின் தலையெழுத்தை எழுதுவது இலங்கையை ஒட்டி எத்தனை தாழ்வுப் பகுதிகள் உருவாகின்றன, அவை நம் கரைக்கு வருகின்றனவா, வடக்கே வளைந்து போய்விடுகின்றனவா என்பதுதான். அதை மூன்று மாதம் முன்னால் யாராலும் பார்க்க முடியாது. வானிலையாளர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் அவர்கள் நிகழ்தகவோடு சொல்கிறார்கள். அந்த நிகழ்தகவு தலைப்புச் செய்திக்குள் வரும்போது உதிர்ந்துவிடுகிறது.

சரி, எண் பலித்தது என்றே வைத்துக்கொள்வோம். 2023-இல் தமிழ்நாட்டின் பருவமழை இயல்பை விட நான்கு விழுக்காடுதான் அதிகம். கணக்குப் புத்தகத்தில் அது அமைதியான ஆண்டு. அந்த ஆண்டில்தான் டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையைத் தண்ணீரில் உட்கார வைத்தது. இரண்டு வாரம் கழித்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. மாநிலத்தின் பருவச் சராசரியைப் போல இரண்டு மடங்கு, இருபத்து நான்கு மணி நேரத்தில்! மறுபக்கமும் உண்டு. 2016-இல் மழை 62 விழுக்காடு குறைந்தது, நூறு ஆண்டுகளுக்கு மேல் காணாத வறட்சி. அதே ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்தது. 2018-இல் 24 விழுக்காடு குறைவு. நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறி லட்சக்கணக்கான தென்னைகளைத் தரையில் படுக்க வைத்ததும் அந்தக் குறைந்த மழை ஆண்டில்தான். ஆக, பருவ மொத்தத்துக்கும் கரையோரத்தின் ஆபத்துக்கும் நேரடி உறவே இல்லை. இந்த ஒன்றையாவது அறிவிப்போடு சேர்த்துச் சொல்லலாம்.

ஏரிகளை நிர்வகிப்பவர்களுக்கும் குடிநீர் வாரியத்துக்கும் அந்த எண் தேவைதான். 2018-இன் பற்றாக்குறை 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவரும் அளவுக்குப் போனது. குறையும் வாய்ப்பை முன்கூட்டிக் கேட்பவர் ஏரியை முன்கூட்டிக் காக்கலாம். இந்த உதவியை நான் சிறுமைப்படுத்தவில்லை. உள்நாட்டின் தேவைக்காக வார்க்கப்பட்ட அறிவிப்பு அது. கடற்கரைக்கும் அதையே கொடுத்துவிட்டு வேலை முடிந்ததென்று இருப்பதுதான் கோளாறு. கடலைப் பற்றி அதில் வரியே இருப்பதில்லை. வாடைக் காற்று எவ்வளவு முந்தி வலுக்கும், எத்தனை நாள் கடல் தொழிலுக்கு உதவாமல் போகக்கூடும் என்ற பேச்சே எழாது.

கடலுக்கென்று இருப்பது அன்றாட எச்சரிக்கை. நுங்கம்பாக்கத்திலிருந்து வரும் அதன் வாசகம் கடற்கரைச் சிறுவர்களுக்கும் மனப்பாடம். சூறாவளிக் காற்று மணிக்கு இத்தனை முதல் இத்தனை கிலோமீட்டர், இடையிடையே இத்தனை. இந்தப் பகுதிகளுக்கு மீனவர்கள் செல்ல வேண்டாம். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரத்தையும் அலை வரும் திசையையும் தனியாகத் தருகிறது. இந்த ஏற்பாட்டின் பலம் சாதாரணமானதல்ல. 1964 டிசம்பர் 22 இரவு, புயலில், தனுஷ்கோடியை நோக்கிப் போன ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. கஜாவின்போது பல்லாயிரம் பேர் காற்று வருமுன்பே முகாம்களில் இருந்தார்கள். செயற்கைக்கோளும் காரைக்கால் ரேடாரும் கடற்கரை நிர்வாகமும் சேர்ந்து காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. புயல் உருவான பிறகு அதன் பாதையைச் சொல்வதில் இன்று நாம் உலகத் தரத்தில் இருக்கிறோம் என்றே நினைக்கிறேன்.

குறை அந்த வாசகத்தின் அகலத்தில் இருக்கிறது. பாம்பனை எடுத்துக்கொள்ளுங்கள். தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அங்குள்ளவர்களுக்கு வடகடல், தென்கடல். வாடை வலுக்கும் நாட்களில் ஆழம் குறைந்த வடகடலில் அலை குட்டையாக, நெருக்கமாக எழும்பி, நங்கூரத்தில் நிற்கும் படகையே மோதி உடைக்கும். அதே நாளில் தென்கடல் தீவின் மறைவில் ஓரளவு அடங்கிக் கிடக்கலாம். தென்காற்று வீசும் சோழகக் காலத்தில் இது தலைகீழ். பருவத்துக்குத் தக்கபடி நாட்டுப்படகை ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு மாற்றிக்கொள்வது அங்கே தலைமுறைப் பழக்கம். எச்சரிக்கை ஒரு கடலைக் குறித்து வந்தாலும், கடலுக்குப் போக விசைப்படகுகளுக்குத் தரும் டோக்கனை மீன்வளத் துறை நிறுத்தும்போது இந்த வேறுபாடு பல முறை காணாமல் போகிறது. ஐஸ் ஏற்றி டீசல் நிரப்பிய படகு துறையிலேயே நிற்கும். படகின் மேல் வாங்கிய கடனுக்கு வட்டி நிற்காது. இப்படி நாலு முறை காற்றே வராமல் போனால் ஐந்தாவது எச்சரிக்கையை மதிக்காமல் வள்ளம் இறக்குபவரை முட்டாள் என்று சொல்லிவிட முடியுமா?

அகலத்தை விடப் பெரிய குறை, எச்சரிக்கை யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதில் இருந்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி குமரிக் கடலில் புயலானபோது, முந்தைய நாளே தாழ்வு நிலை பற்றிய எச்சரிக்கை வந்திருந்தது. செல்ல வேண்டாம் என்று கரையில் இருப்பவருக்குச் சொன்னார்கள். தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் படகுகள் பல நாள் முன்பே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போயிருந்தன. அவர்களுக்குத் தேவைப்பட்டது, திரும்புங்கள், இந்தத் திசையில் ஒதுங்குங்கள் என்ற சொல். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கருவி அப்போது படகில் இல்லை. கைப்பேசியும் விஎச்எஃப்-பும் கரையை ஒட்டித்தான் பேசும். போனவர்களில் பலர் வரவில்லை. அதற்குப் பிறகுதான், 2019-இல், செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் ஜெமினி கருவி வந்தது. வந்தவரை நல்லது. அதன் வழியே சேதி படகுக்கு வரும். படகுக்காரர் அதில் பதில் சொல்ல வழியில்லை.

இன்னொரு சிக்கல், சந்தேகத்தை மறைத்துப் பேசும் குரல். 2024 அக்டோபரில் சென்னைக்கு ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். சொன்ன நாளில் பெரிய மழை இல்லை. (நகரத்தில் வானிலை அறிக்கை என்றால் பள்ளி லீவா என்பதுதான் முதல் கேள்வி, அன்று கார் அந்த இடத்தைப் பிடித்தது.) ஒரு மாதம் கழித்து ஃபெங்கல். நவம்பர் 28 அன்று இது புயலாக வலுக்காது என்றார்கள், மறுநாள் புயலானது. 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை தொட்டு, நகராமல் நின்று, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. கரைக்கு அருகில் வந்து தடுமாறும் புயலைக் கணிப்பது கடினம். கணிப்பு மாறியதைக் குற்றம் சொல்வதில் எனக்கு ஆர்வமில்லை. மாறக்கூடும் என்பதையும் எவ்வளவு என்பதையும் முதல் அறிவிப்பிலேயே சொல்லியிருந்தால், ஒவ்வொரு திருத்தமும் பல்டியாகத் தெரிந்திருக்காது.

இத்தனைக்கும் நடுவே பயனுள்ள ஒரு பழக்கம் யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் அடுத்த இரண்டு வாரத்தில் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் புயல் சின்னம் உருவாகும் வாய்ப்பை வானிலைத் துறை வெளியிடுகிறது. தூத்தூர்ப் படகு புறப்படலாமா என்று முடிவு செய்ய ஏற்ற கால அளவு அதுதான். ஆனால் அது ஆங்கிலத்தில், துறைசார் மொழியில், வரைபடங்களோடு இருக்கிறது. இதைக் கரைக்கு இறக்குவது முடியாத காரியமல்ல. 1990-களின் இறுதியில் புதுச்சேரி அருகே வீராம்பட்டினத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தது. அப்போது நமக்கென்று சொந்தக் கணிப்பு இந்த அளவில் இல்லை. இன்று இருக்கிறது, ஒலிபெருக்கிதான் குறைகிறது.

செப்டம்பர் அறிவிப்போடு கடலுக்கென்று ஒரு பக்கம் சேர்ப்பதும் எட்டாததல்ல. கடந்த முப்பது ஆண்டுகளில் நவம்பரில் பாக் நீரிணையில் சராசரியாக எத்தனை நாள் தொழில் நின்றது, மன்னார் வளைகுடாவில் எத்தனை, மிக மோசமான ஆண்டில் எத்தனை என்று பகுதிவாரியாகச் சொன்னால், படகுக்காரர் எவ்வளவு கடன் வாங்கலாம் என்றாவது கணக்குப் போடுவார். அரசுக்கும் அந்தக் கணக்கு வேண்டும். மீன்பிடி குறைந்த காலத்துக்கான உதவித்தொகை இப்போது எச்சரிக்கை நாள் ஐந்தானாலும் இருபத்தைந்தானாலும் ஒரே தொகைதான். டோக்கன் நிறுத்திய நாட்களின் பதிவு மீன்வளத் துறையிடமே இருக்கும்போது, அதை வைத்து நாள் கணக்கில் தொகையை நிர்ணயிக்க எந்தப் புதிய தொழில்நுட்பமும் தேவையில்லை.