‘அவர்’ இருக்கப் பயமேன்?

“தமிழில் இந்தப் பிரச்சினையே வராது, நம்மிடம்தான் ‘அவர்’ இருக்கிறதே” என்றார் எங்கள் வாசிப்புக் குழுவில் ஓர் அண்ணன். உர்சுலா லெ குவினின் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நானும் பலமாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்த வார இறுதியில் நாவலிலிருந்து இரண்டு பக்கத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். தலையாட்டியது அவசரம் என்று புரிந்தது.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம். 1969இல் வந்த நாவல், ஹியூகோ, நெபுலா இரண்டையும் வாங்கியது. கெதென் என்ற கிரகம், எப்போதும் பனியுகம். அங்கே இருப்பவர்கள் நம் வம்சம்தான், ஆனால் உடல் வேறு. 26இலிருந்து 28 நாள் வரை ஒரு சுழற்சி. அதில் மூன்று வாரம் ‘சோமர்’: ஆணுமில்லை, பெண்ணுமில்லை, காமமும் கிடையாது. பிறகு சில நாள் ‘கெம்மர்’. அப்போது இணை சேரும் இருவரில் ஒருவர் ஆணாகவும் மற்றவர் பெண்ணாகவும் மாறுகிறார்கள். யார் எதுவாவார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. கருவுற்றால் பெண் உடல் பாலூட்டி முடிக்கும்வரை நீடிக்கும், அப்புறம் பழையபடி சோமர். ஆக ஒரே ஆள் இரண்டு பிள்ளைக்குத் தாய், மூன்று பிள்ளைக்குத் தகப்பன்.

லெ குவின் மானுடவியலாளர் ஆல்ஃப்ரெட் க்ரோபரின் மகள். அது நன்றாகவே தெரிகிறது. விநோத உடல் ஒன்றைச் செய்து வேடிக்கை காட்டிவிட்டுப் போகாமல், அந்த உடலுக்கு என்ன சட்டம் வரும், என்ன வீடு வரும் என்று பின்தொடர்ந்து போகிறார். கெம்மர் நாட்களில் எவரும் வேலைக்கு வர வேண்டியதில்லை. வம்சம் பெற்றெடுத்தவர் வழியாகப் போகிறது. அரசர் கர்ப்பமாக இருப்பது ஒரு செய்தி, அவ்வளவுதான். பகை உண்டு, கொலை உண்டு, போர் மட்டும் இல்லை. அதற்குக் காரணம் உடலா, குளிரா? ஏழாவது அத்தியாயத்தில் கள ஆய்வாளர் ஒருவரின் குறிப்புகள் வருகின்றன. அவர் இரண்டையும் யோசித்துவிட்டு முடிவு கட்டாமல் விடுகிறார். இறுதியாண்டில் முதல்முறை படித்தபோது இந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் மூன்று தடவை படித்தேன். ஒரே ஒரு மாறியை மாற்றிவிட்டு எதெது நகர்கிறது என்று பார்க்கிற சுகம், இன்ஜினியரிங் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

நாவலின் மேல் உள்ள பழைய புகார் வேறு. கதையைப் பெரும்பகுதி சொல்பவர் பூமியிலிருந்து தூதராகப் போன ஜென்லி ஐ என்ற ஆண். அவர் கெதென் ஆட்கள் எல்லோரையும் ‘ஹி’ என்றே எழுதுகிறார். படிக்கிறவர் மனதில் கிரகம் முழுக்க ஆண்கள். லெ குவின் 1976 கட்டுரை ஒன்றில் இதற்குச் சமாதானம் சொன்னார், பத்தாண்டு கழித்து அதே கட்டுரைக்கு எழுதிய குறிப்புகளில் பின்வாங்கினார். அந்தக் கட்டுரைக்கு முன்பே, அதே கிரகத்தில் நடக்கும் ‘விண்டர்ஸ் கிங்’ சிறுகதையை ‘ஷி’ போட்டுத் திருத்தியும் பார்த்தார்.

நம்மிடம் ‘அவர்’ இருக்கப் பயமேன்? நான் எடுத்துக்கொண்டது பனிப்பாளத்தைக் கடக்கும் பகுதி. எஸ்ட்ராவென் கார்ஹைடு நாட்டின் பிரதமராக இருந்து நாடுகடத்தப்பட்டவர், ஜென்லியைச் சிறை முகாமிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்தவர். இருவரும் எண்பது நாள் போல ஒரே வண்டியை இழுத்து, ஒரே கூடாரத்தில், ஒரே அடுப்பில் உயிர் பிழைக்கிறார்கள். “அவர் அடுப்பைப் பற்றவைத்தார்” என்று எழுதினேன். “அவர் என் பக்கம் திரும்பிப் படுத்தார்” என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தால் என் செக்‌ஷன் மேனேஜரைப் பற்றி எழுதின மாதிரி இருக்கிறது.

‘அவர்’ பாலை மறைப்பது உண்மை. ஆனால் பலர்பாலிலிருந்து ஒருவருக்கு மரியாதையாக வந்த சொல் அது, வரும்போது மரியாதையையும் தூக்கிக்கொண்டுதான் வரும். இதில் வேடிக்கை என்னவென்றால், கெதென் ஆட்களுக்கு மானம், முகம், அந்தஸ்து எல்லாம் சேர்ந்த ‘ஷிஃப்கிரெதோர்’ என்று ஒன்று உண்டு. அரசவைக் காட்சிகளில் நம் ‘ர்’ விகுதி அதற்காகவே செய்ததுபோல உட்காருகிறது, ஆங்கிலத்தில் அது கிடைக்காது. பனிமேல்தான் சிக்கல். அங்கே இருவரும் ஷிஃப்கிரெதோரைக் கழற்றி வைக்கிறார்கள். ஊர்ப்பெயரான எஸ்ட்ராவென் போய் நண்பர்கள் கூப்பிடும் ‘ஹார்த்’ வருகிறது, மனதோடு மனம் பேசக் கைகூடும்போது ‘தெரெம்’. நீங்கள் போய் நீ வருவதுபோல. நேர்ப்பேச்சில் ‘நீ’ போட்டால் போதும், அதற்குப் பால் இல்லை. எஸ்ட்ராவெனின் நாட்குறிப்பு அத்தியாயங்களும் தப்பிக்கும், ‘நான்’ என்பதற்கும் பால் இல்லை. மாட்டிக்கொள்வது ஜென்லியின் விவரணை. ‘அவன்’ போட்டால் 1969க்கே திரும்பிப் போகிறோம். ‘அவள்’ போட்டால் ஓர் ஆணும் பெண்ணும் பனியில் நடக்கும் காதல் கதை. படர்க்கையில் ஒருவரிடம் நெருங்க வேண்டுமென்றால் முதலில் ஆணா பெண்ணா என்று தீர்மானித்துவிட்டு வா என்கிறது நம் இலக்கணம். தொல்காப்பியர் இந்த முட்டுச்சந்தை அப்போதே பார்த்திருக்கிறார். ஆண்மை திரிந்தவர்களுக்கென்று தனி விகுதி இல்லை, உயர்திணையின் விகுதிகளையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லதிகாரத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்.

சரி, பாலும் இல்லாமல் மரியாதையும் இல்லாமல் ஒரு சொல் இருந்தால்? மலாயில் இருக்கிறது. ‘டியா’. நான் வேலை செய்யும் பினாங்கு தொழிற்சாலையில் லைனில் ஓடுவது மலாய்தான். ஜோகூரிலிருந்து ஒரு டெஸ்ட் இன்ஜினியர் வருவதாக ஒரு வாரம் பேச்சு. டியா ரொம்பக் கண்டிப்பு, டியா ராத்திரி இரண்டு மணிக்கும் மெஷினைத் திறந்து பார்க்கும் ஆள், இப்படி. திங்கட்கிழமை வந்தவர் தூடோங் அணிந்த ஒரு பெண். தோளில் லேப்டாப் பை, கையில் பால் பம்ப் வைக்கும் சின்னப் பை. ஒரு வாரமாக என் மண்டைக்குள் நடமாடியவனுக்கு மீசைகூட இருந்தது. இத்தனைக்கும் நானும் அதே லைனில் நிற்கிற பெண் இன்ஜினியர்தான். டியாவிடம் ஒரு தப்பும் இல்லை.

அதனால் ‘ஹி’யை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. எஸ்ட்ராவென் என்ன செய்யும்போது நாம் பார்க்கிறோம்? அரசியல் செய்கிறார், தப்பிக்கிறார், வண்டி இழுக்கிறார். அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளையை அவர் தூக்கி வைத்திருப்பதை ஒரு காட்சியிலும் காணோம். எஸ்ட்ராவெனைத் தாயாகக் காட்டாமல் விட்டதை லெ குவினே அந்தக் கட்டுரையில் ஒப்புக்கொள்கிறார். ஏழாவது அத்தியாயத்தில் பேறுகாலமும் பாலூட்டலும் மாதக்கணக்கோடு வருகின்றன. கதைக்குள் அந்தச் சின்னப் பை வரவில்லை. அது ஒரே ஒரு முறை வந்திருந்தால் ‘ஹி’ தானாக ஆட்டம் கண்டிருக்கும். உயிரியலைச் சட்டம்வரை கொண்டுபோனவர் அடுப்படிவரை கொண்டுவரவில்லை என்பதுதான் என் குறை. இவ்வளவு குறை சொல்லிவிட்டும் அந்தப் பனிப் பகுதியை வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் படிக்கிறேன், அது வேறு விஷயம்.

மொழிபெயர்ப்பைத் தூக்கிப்போடலாம் என்று இருந்தபோது பாட்டியிடமிருந்து போன் வந்தது. என்னைப் பற்றி அம்மாவிடம் கேட்கிறார், ஸ்பீக்கரில் கேட்கிறது: “அது சாப்பிட்டுச்சா? தூங்குதா?” பால் இல்லை, மரியாதை இல்லை, நெருக்கம் மட்டும் இருக்கிறது. எங்கள் வீட்டில் பேரன், பேத்தி எல்லோரும் ‘அது’தான். தாத்தாவை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், பாட்டிதான் எப்போதாவது, அவர் காய்ச்சலில் படுத்திருக்கும்போது.

கூடாரத்துக்குள் அதைப் போட்டுப் பார்த்தேன். வெளியே பனிப்புயல், எஸ்ட்ராவென் கெம்மரில் இருக்கிறார், தொடாமல் விலகியே இருப்பது என்று இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஜென்லி தனக்குள்: “இன்னும் தூங்கல அது.” அடுத்த கூட்டத்தில் வாசித்தேன். பாதிப் பேர் சிரித்தார்கள். ஒரு பிரதமரை அஃறிணையாக்கிவிட்டாயே என்று அண்ணன் கோபித்துக்கொண்டார். மூலையில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா மட்டும், அந்த வரியை இன்னொரு தடவை வாசி என்றார்.