‘குவோ வாடிஸ்’: காதலுக்குள் மறைந்த திருச்சபை

போலந்து நாட்டு ஆசிரியர் ஹென்ரிக் சென்கிவிச் 1896இல் நூலாக வெளியிட்ட ‘குவோ வாடிஸ்’ நவீனத்தைக் கிறிஸ்தவ உலகம் ஏறக்குறைய ஒரு பக்தி நூலாகவே போற்றிவந்துள்ளது. கி.பி. 64இல் ரோமாபுரி எரிந்தபின் நீரோவின் கையில் மடிந்த திருச்சபையை அறிய விழைந்து இதைத் திறப்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பதோ, படை அதிகாரி வினிசியஸ் லிகியாமேல் கொண்ட காதல்.

அவளை வலிந்து கவர முயன்றவன், அவள் வழியே விசுவாசத்துக்கு வருகிறான். அவளை இழந்தாலும் அவ்விசுவாசம் நிற்குமா? சிறையில் அவள் சாவுக்கு அவன் ஒருவாறு இணங்குகிறான். ஆயினும் ஊர்சுஸ் காட்டெருதின் கழுத்தை முறிக்க, இருவரும் சிசிலியில் இல்லறம் காண்கின்றனர். சோதனை பாதியில் நின்றுவிடுகிறது.

லிகியாவோ அழகும் மௌனமுமாகவே இருக்கிறாள். ரோமர் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில் பவுல் வாழ்த்தும் பிரிஸ்கில்லாள், பெர்சியாள், திரிபேனாள், திரிபோசாள் ஆகியோர் அச்சபையில் பாடுபட்ட பெண்கள். அவர்களுடைய சாயல் இவளிடம் காணோம். அஞ்ஞானியான பெத்ரோனியுசுக்கே ஆசிரியர் தம் சொல்வளமெல்லாம் ஈந்துவிட்டார் போலும்!

ஓரிடம் மட்டும் என்னைத் தலைவணங்க வைத்தது. கைலோ என்னும் கிரேக்கன் கிளாக்கஸ் என்ற வைத்தியனின் குடும்பத்தையே விற்றவன். கம்பத்தில் எரிந்துகொண்டே கிளாக்கஸ் அவனை மன்னிக்கிறான். கைலோ அவ்விடத்திலேயே நீரோவைக் குற்றஞ்சாட்டி, பவுலிடம் ஞானஸ்நானம் பெற்று, சிலுவையில் மாள்கிறான். அங்கே காதலி இல்லை, பரிசும் இல்லை. அவனுக்கு ஒதுக்கப்பட்ட இடமோ, வினிசியஸின் பெருமூச்சுகளுக்கு ஒதுக்கப்பட்டதில் ஒரு சிறு பங்கே.